மாரிக்கு ஒரு கோப்பை றெட் வைன்: தோலகட்டியும் தவறணையும்

மார்கழி பிறந்தால் போதும், இணையம் முழுக்க ஒரே பட்டியல்தான். குளிர்கால மாலைக்கு எந்த றெட் வைன், அதோட என்ன சாப்பாடு. கணப்பு அடுப்பு, தடித்த சூப், உருக்கின சீஸ், ஒரு கிளாஸ் சிவப்பு. றெட் வைனை 'அறை வெப்பநிலையில்' குடிக்கச் சொல்லுவினம். அந்த அறை ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை, கிட்டத்தட்ட 16 முதல் 18 பாகை. யாழ்ப்பாணத்தில் மார்கழி, தை மாதத்து விடியப்புறத்திலகூட அந்த அளவுக்கு இறங்கிறது அபூர்வம். அதுக்கே நாங்கள் மப்ளர் கட்டிக்கொண்டு திரிகிறம் எண்டது வேற கதை.

ஆனால் எங்களுக்கும் ஒரு மாரி இருக்கு. ஐப்பசியில தொடங்கி மார்கழி வரை வாற வாடைமழை, அதுக்குப் பிறகு பனி. எங்களுக்கும் ஒரு றெட் வைன் இருக்கு. வலிகாமம் வடக்கில், வசாவிளானுக்குப் பக்கத்தில், தோலகட்டி எண்ட இடத்தில் கத்தோலிக்கத் துறவிகள் செய்யிறது. வெளிநாட்டிலயிருந்து வந்து திரும்பிற சனம் தோலகட்டி நெல்லிரசத்தோட ஒரு வைன் போத்தலையும் சூட்கேசுக்குள்ள வைக்கிறதை நீங்கள் கண்டிருப்பீங்கள். 'ஆச்சிரமத்து வைன்' எண்டால் அம்மம்மாமாரும் முகம் சுளிக்க மாட்டினம். அதே வீட்டில கள்ளுப் போத்தலைக் கொண்டுபோய் மேசையில வைச்சுப் பாருங்கோ.

இந்தக் கட்டுரை அந்த வித்தியாசத்தைப் பற்றினது. கள்ளில் மதுசாரம் ஏறத்தாழ நூற்றுக்கு 4 முதல் 6. வைனில் 11 முதல் 14. இரண்டும் இனிப்பான சாறு நொதிச்சு வாறதுதான். போதைதான் பிரச்சினை எண்டால் முகச்சுளிப்பு மற்றப் பக்கமாகவெல்லோ இருக்கவேணும்?

முதல்ல ஒரு சொல்லைப் பாப்பம். தமிழ்நாட்டு நண்பரிட்ட 'முந்திரிகைத் தோட்டம்' எண்டால் அவர் கஜு மரங்களை நினைப்பார். எங்களுக்கு முந்திரிகை எண்டால் கொடியில காய்க்கிற திராட்சை. கஜுவுக்கு நாங்கள் மரமுந்திரிகை எண்டு பேர் வைச்சம். கஜு பிரேசிலில் இருந்து போர்த்துக்கேயர் கொண்டுவந்த மரம். புதிசா வந்த மரத்துக்கு ஏற்கெனவே தெரிஞ்ச பழத்தின்ர பேரைக் கடன் குடுத்து, முன்னால 'மரம்' எண்டு ஒட்டிவிட்டிருக்கினம். தமிழ்நாட்டில் அந்தக் கடன் வாங்கினவனே சொத்துக்காரனாகிவிட்டான். யாழ்ப்பாணத்தில் பழைய உரிமையாளர் இன்னும் பேரை வைச்சிருக்கிறார்.

திராட்சைக் கொடி இங்க வேர்விட முதலே அதின்ர மது கப்பலில வந்திட்டுது. புறநானூற்றின் 56ஆம் பாட்டு, யவனர் கொண்டுவந்த நறுமண மதுவைப் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தரக் குடிக்கும் பாண்டியன் நன்மாறனைப் பாடுகிறது. அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டினபோது மத்தியதரைக் கடல் பக்கத்து மதுச்சாடித் துண்டுகள் கிடைச்சதால, பாட்டு வெறும் புனைவில்லை எண்டும் தெரிய வந்தது. தமிழில் வைன் தோன்றுகிற முதல் காட்சிகளில் ஒண்டிலயே அது அரசன்ர பானம். பொற்கிண்ணம், பணிப்பெண்கள், தூரதேசத்துச் சரக்கு. சங்கப் பாட்டுகளில் கள்ளும் தாராளமாக ஓடுகிறது, அரசரும் புலவரும் கூச்சமில்லாமல் குடிக்கினம். கள்ளின் மேல் இழிவு வந்து படிஞ்சது பிற்காலத்தில்.

1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றின பிறகு வைனுக்கு இங்க ஒரு நிரந்தர வேலை வந்தது. கத்தோலிக்கப் பூசைக்கு வைன் வேணும். அது கள்ளாகவோ வேற பழச்சாறாகவோ இருக்கேலாது. திராட்சைப் பழத்திலிருந்து வந்த, கலப்பில்லாத, பழுதாகாத வைனாகவே இருக்கவேணும் எண்டது திருச்சபையின் பழைய விதி. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 924ஆம் பிரிவும் அதைத்தான் சொல்லுது. திராட்சை விளையாத ஊரில் பூசை வைக்கிறதெண்டால் கடல்வழி திறந்திருக்க வேணும் எண்டு அர்த்தம்.

கடல்வழி 1658இல் மூடினது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடிச்ச கையோட கத்தோலிக்கத்தைத் தடைசெய்தினம். குருமாருக்கு இடங்கொடுக்கிறது பெருங்குற்றம். 1687இல் கோவையிலிருந்து (கோயம்புத்தூர் இல்லை, கோவா) யோசேவ் வாஸ் எண்ட குருவானவர் கூலியாள் வேசத்தில் வந்து, சில்லாலையை மையமாக வைச்சு இரவுகளில் பூசை வைச்சார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக அறிவிச்சது அவரைத்தான். அவர் எப்படி ஒளிஞ்சு திரிஞ்சார் எண்டதைப் பற்றி நிறையக் கதைகள் இருக்கு. எனக்கு எப்பவும் யோசனை அந்தப் பூசை வைனில்தான் போகும். ஒரு சின்னக் குப்பிதான், ஒரு பூசைக்கு ஒரு மிடறு போதும். ஆனாலும் அந்தக் குப்பி யாற்றயோ மடியில் ஒளிஞ்சுதான் கடலைத் தாண்டியிருக்க வேணும்.

போர்த்துக்கேயர் விட்டுப்போனதில் இன்னொரு சாமானும் இருக்கு. 'தவறணை' எண்ட சொல். கள்ளுத் தவறணை எண்டு நாங்கள் சொல்லுற அந்த இடத்தின் பேர் அவங்கட 'தவெர்னா', வைன் விக்கிற கடை. குசினி, கதிரை, பாண் வந்த அதே வழியால வந்தது. ஐரோப்பாவில் வைன்கடையைக் குறிச்ச சொல் எங்கட ஊரில் பனையோலைக் கொட்டிலுக்கு வந்து சேர்ந்திட்டுது. வைன் மட்டும் கோயிலுக்குள்ள போய்விட்டது.

இனித் தோலகட்டிக்கு வருவம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாண மறைமாவட்டத்தில் வேலைசெய்தவர்கள் அமலமரித் தியாகிகள் எண்ட பிரெஞ்சுச் சபையார். 1926இல் பதினோராம் பத்திநாதர், மிசன் நாடுகளில் உள்ளூர் ஆட்களைக்கொண்ட தியானத் துறவு மடங்கள் உருவாகவேணும் எண்டு ஒரு சுற்றுமடல் எழுதினார். அப்ப யாழ்ப்பாண ஆயர் அல்பிரட் கியோமார் எண்ட பிரெஞ்சுக்காரர். அந்த வேலை தோமஸ் அடிகளாரிட்ட வந்தது. 1928இல் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபை தொடங்கினது. செபம், மௌனம், கைவேலை. துறவிகள் தங்கட சாப்பாட்டுக்குத் தாங்களே உழைக்க வேணும். அந்த உழைப்பில் இருந்து வந்ததுதான் நெல்லிரசமும் வைனும். ஐரோப்பாவிலயும் இப்பிடித்தான். பர்கண்டித் திராட்சைத் தோட்டங்களில் நிறைய, சிஸ்தேர்சியன் துறவிகள் நூற்றாண்டுக் கணக்காகக் கொத்திப் பண்படுத்தினது. துறவு மடம் எண்டால் நிலம், நேரம், பொறுமை மூண்டும் ஒண்டாக இருக்கிற இடம். வைனுக்கு வேணுமானதும் அதுதான்.

யாழ்ப்பாணத்தில் முந்திரிகைச் செய்கை தோட்டக்காரரின் பெரிய காசுப் பயிரானது 1960களுக்குப் பிறகு. 'இஸ்ரேல் புளூ' எண்ட கருநீல இனம்தான் பந்தல்களை நிறைச்சது. 1970க்கும் 1977க்கும் இடையில் சிறிமாவோ அரசு இறக்குமதிகளை இறுக்கிக் கட்டினது. மற்ற ஊர்ச் சனம் பாணுக்கு வரிசையில் நிண்ட காலம், யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு வெங்காயத்திலயும் மிளகாயிலயும் முந்திரிகையிலயும் காசு கொட்டின காலம். 1977இல் சந்தை திறந்தோடன அந்தக் காலம் முடிஞ்சது. அப்ப வந்த கல்வீடுகளைப் பாத்தாலே எந்தப் பயிர் கட்டினது எண்டு சொல்லுற பெரியாக்கள் இருந்தவை.

இந்தக் கொடிக்கு எங்கட நாட்டில் நித்திரையே இல்லை. குளிர்தேசத்தில் திராட்சை வின்ரரில் இலை கொட்டி உறங்கும், வசந்தத்தில் எழும்பும், வருசத்துக்கு ஒரு அறுவடை. இங்க உறங்க வைக்கிறது தோட்டக்காரன்ர கத்தி. தண்ணியை நிப்பாட்டிக் கொடியை வாட்டி, கவ்வாத்துப் பண்ணினால் புதுத்துளிர் வரும். அதிலிருந்து மூண்டு, மூண்டரை மாதத்தில் குலை பழுக்கும். கணக்குப் பாத்து வெட்டினால் வருசத்துக்கு இரண்டு அறுவடைக்கு மேலயும் எடுக்கலாம். ஆனால் மாரி மழை நேரத்தில் பழம் பழுத்தால் துலைஞ்சுது. பழம் வெடிக்கும், இலையில் பூஞ்சணம் வெள்ளையாகப் படரும். உலகம் எல்லாம் வைனையும் குளிர்காலத்தையும் சோடி சேர்க்குது. எங்கட முந்திரிகைக் கொடிக்கு மாரிதான் முதல் எதிரி.

அந்தப் பூஞ்சணத்துக்குச் சொல்லுற பழைய மருந்து போர்டோக் கலவை. செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் தண்ணியில் கலக்கிற நீல மருந்து. 1880களில் பிரான்சின் போர்டோ பகுதியில், திராட்சைத் தோட்டங்களைக் காப்பாற்ற மில்லார்தே எண்ட தாவரவியலாளர் கண்டறிஞ்சு பரப்பினது. போர்டோ எண்டால் உலகத்துக்கு விலைகூடின றெட் வைன். எங்கட தோட்டக்காரருக்கு அது விசிறுற மருந்து!

சரி, தோலகட்டி வைன் எப்பிடி இருக்கும்? இனிப்பு. போர்டோவைப்போல நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீங்கள். வைன் 'தெரிஞ்ச' ஆக்கள் இதைக் கேட்டால் ஒரு நமட்டுச் சிரிப்புச் சிரிப்பினம். அதைப் பொருட்படுத்த வேண்டாம். போர்த்துக்கல்லின் போர்ட் வைனும் இனிப்புத்தான், அதை ஒருத்தரும் சிரிக்கிறதில்லை.

இனி நான் கேட்ட கேள்விக்கு வாறன். ஆச்சிரமத்து வைனுக்கு மரியாதை, கள்ளுக்கு இளக்காரம். ஏன்?

மதம் எண்டு சொல்லலாம். ஆனால் யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் நூற்றாண்டுக் கணக்காகப் பூசையில் வைன் குடிச்சதே இல்லை. இலத்தீன் முறையில் சனத்துக்கு அப்பம் மட்டும்தான், கிண்ணம் குருவானவருக்கு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962 முதல் 1965 வரை) கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டது, ஆனாலும் வழக்கம் பெரிசா மாறவில்லை. எங்கட சனத்துக்கு வைன் கண்ணால பாத்த புனிதம்.

கிண்ணத்தை எல்லாருக்கும் குடுத்தது புரட்டஸ்தாந்துக்காரர். அங்கதான் பிரச்சினை வெடிச்சது. தஞ்சாவூரிலயும் சென்னை வேப்பேரியிலயும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள், தாழ்த்தப்பட்ட சாதியார் வாய் வைச்ச கிண்ணத்தில் நாங்கள் குடிக்க மாட்டம் எண்டு நிண்டவை. கோயிலுக்குள்ள தனித்தனி இருக்கை, நற்கருணைக்கு ஆர் முதல் எண்ட சண்டை. 1833இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன் சாதி வேறுபாடு உடனடியாக ஒழியவேணும் எண்டு கடிதம் எழுதினார். அதைக் கேட்டு நூற்றுக்கணக்கானவர்கள் சபையை விட்டு வெளியேறிச்சினம். வைனில் மதுசாரம் இருக்கு எண்டதுக்காக அவை போகேல்லை. கோப்பையில் ஆற்றயோ எச்சில் இருக்கு எண்டதுக்காகப் போனவை.

இதை வைச்சுக்கொண்டு யாழ்ப்பாணக் குசினியைப் பாருங்கோ. மூக்குப்பேணி எண்டு ஒரு பாத்திரம் இருந்தது. பித்தளையில் செய்து ஒரு பக்கம் மூக்கு வைச்சது. அண்ணாந்து குடிக்கலாம், உதடு படாது. வடிவான பாத்திரம், இண்டைக்கு ஷோகேசில் வைக்கினம். ஆனால் அது எதுக்காக அந்த வடிவத்தில் இருக்கு எண்டு கேட்க வேணும். தேத்தண்ணிக் கடைகளில் இன்னும் மோசம். ஒடுக்கப்பட்ட சாதியாருக்குக் கடைக்குள்ள இடமில்லை. வெளியில நிண்டு போத்தலிலயோ தகரப் பேணியிலயோ வாங்கிக் குடிக்க வேணும். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. 50களின் கடைசியில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை தேநீர்க்கடைப் பிரவேசத்துக்கு இறங்கினது. அதுக்குப் பிறகும் 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போய்ப் பொலிசிட்ட அடி வாங்கவேண்டி இருந்தது. ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்கும் கோயில் வாசலுக்கும் சனம் உயிர் குடுத்த ஊர் இது.

தவறணையில் கள்ளைப் 'பிளா'வில் குடிப்பினம். பனையோலையைக் கோலி, அடியைக் கட்டி, குடிச்சு முடிய எறியிறது. இதை இயற்கையோடு இயைந்த கோப்பை எண்டு இப்ப மெச்சுகினம். மெச்சலாம். ஆனால் ஒருத்தருக்கும் எச்சில் படாத கோப்பை எண்டதும் அதின்ர ஒரு குணம்தான். கள்ளு இழிவானதுக்குக் காரணம் நொதிப்பு இல்லை. மரமேறிச் சீவின மனிசன்ர சாதிதான். நளவர், பள்ளர் எண்டு ஒதுக்கி வைச்ச ஆக்களின்ர கையால வந்தது. அந்தக் கள்ளை இரவில வேலிக்கு அப்பால வாங்கிக் குடிச்ச பெரிய மனிசர், பகலில சீவினவரை முற்றத்துக்குள்ள விட்டிருக்க மாட்டார். துறவி கையால வந்த வைன் வரவேற்பறைக்கு வரும்.

மதுவிலக்கு இயக்கமும் இந்த இடத்தில் தடுமாறினது. 1912இல் மதுவரிச் சட்டம் வந்து தவறணைகள் ஏலத்தில் போன காலத்திலிருந்து இலங்கை முழுக்க எதிர்ப்பு இருந்தது. யாழ்ப்பாணத்தில் சைவரும் அமெரிக்க மிசன்காரரும் ஒரே மேடையில் ஏறின சொற்ப விசயங்களில் இதுவும் ஒண்டு. 1924இல் ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் தொடங்கின மாணவர் காங்கிரஸ், பிறகு வாலிபர் காங்கிரஸ், தீண்டாமை ஒழிப்பையும் மதுவிலக்கையும் சேர்த்தே கேட்டது. அவர்கள் அழைச்சு 1927 கார்த்திகையில் காந்தி வந்தபோதும் இரண்டையும் பற்றிப் பேசினார். நேர்மையான ஆக்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தவறணையை மூடு எண்டால், பனையேறி வாழுற குடும்பத்துக்கு அடுத்த நாள் அடுப்பு எரியிறது எப்படி? அந்தக் கேள்விக்கு ஓரளவாவது பதில் வந்தது 1972இல், சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் அமைஞ்சபோதுதான். கள்ளு வித்த காசு குத்தகைக்காரனிட்டப் போகாமல் சீவினவரிட்டப் போகத் தொடங்கினது. வடமராட்சி திக்கம் வடிசாலையில் பனஞ்சாராயம் போத்தலில் அடைபட்டது. லேபல் ஒட்டினோடன கொஞ்சம் மரியாதையும் ஒட்டினது.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்க, வலிகாமம் வடக்குச் சனம் உடுத்த உடுப்போட வெளிக்கிட்டது. பலாலியைச் சுத்தி உயர் பாதுகாப்பு வலயம். தோலகட்டியும் அதுக்குள்ள. துறவிகளும் மற்றச் சனத்தைப்போல இடம்பெயர்ந்தவை. மிஞ்சின பகுதிகளுக்குப் பொருளாதாரத் தடை. பம்புக்கு மண்ணெண்ணெய் இல்லை, யூரியா இல்லை. முந்திரிகை ஆள் இல்லாமல் வாழாது. கவ்வாத்து இல்லாட்டி, தண்ணி இல்லாட்டிக் காடாகும், பிறகு காயும். பனை ஆளைத் தேடாது, ஆனால் பங்கருக்கு மரம் வேணும் எண்டு பனைகளைத் தறிச்சினம். போர் முடிஞ்ச பிறகு காணிகள் துண்டு துண்டாக விடுபட்டு, ஆச்சிரமம் தோலகட்டிக்குத் திரும்பிவிட்டது. வலிகாமம் வடக்கில் இன்னும் தங்கட காணியின் வேலிக்கு வெளியில நிக்கிற குடும்பங்கள் இருக்கு. அந்தப் போத்தலைச் சூட்கேசுக்குள்ள வைக்கேக்க அதையும் ஒருக்கா நினைக்கலாம்.

இவ்வளவும் சொல்லிப்போட்டுச் சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் ஏசுவீங்கள்.

மாரிக்கு எங்கட முதல் சாப்பாடு ஒடியல் கூழ். இதில் ஒரு பனைக் கணக்கு இருக்கு. ஆவணி, புரட்டாசியில் விழுற பனம்பழத்தின் விதையைப் பாத்தியில் போட்டால் மார்கழி, தை அளவில் கிழங்கு. பச்சைக் கிழங்கைக் கிழிச்சுக் காயவைச்சால் ஒடியல், அவிச்சுக் காயவைச்சால் புழுக்கொடியல். பனங்கள்ளு இறங்கிறது தைக்குப் பிறகு வாற வெயில் காலத்தில். அதால மாரியில் கள்ளும் கூழும் எண்டு எழுதுறவை பெரும்பாலும் தென்னங்கள்ளைத்தான் குடிச்சிருக்க வேணும்.

கூழுக்கு றெட் வைன் சேராது. நண்டு, இறால், மீன்தலை, பலாக்கொட்டை, பயித்தங்காய், புளி, அரைச்ச செத்தல் மிளகாய் எல்லாம் ஒரே பானையில். துவர்ப்பான சிவப்பு வைன் மீனோட சேர்ந்தால் வாயில இரும்புச் சுவை வரும், மதுசாரமோ உறைப்பை இன்னும் கூட்டிவிடும். கூழைக் கூழாகவே குடியுங்கோ.

தோலகட்டி வைனுக்கு நான் சொல்லுறது ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும். கறித்தூளின் உறைப்பை இனிப்புத்தான் தாங்கும், புட்டில இருக்கிற தேங்காய்ப்பூவும் கைகுடுக்கும். அரை மணித்தியாலம் பிறிட்ஜில் வைச்சிட்டு எடுங்கோ, எங்கட அறை வெப்பநிலையில் அது பாணி மாதிரி இருக்கும். இல்லாட்டி நத்தார்க் கேக். ரவையும் கஜுவும் முந்திரிகை வத்தலும் போட்ட எங்கட ரிச் கேக்குக்கு இதைவிடப் பொருத்தமான சோடி கிடையாது. முந்திரிகையும் மரமுந்திரிகையும் ஒரே துண்டில். பயத்தம் பணியாரத்தோடயும் சேரும், நான் பாத்திட்டன். ரொறன்ரோவிலயோ பரிசிலயோ உண்மையான வின்ரருக்குள்ள இருந்து இதை வாசிக்கிறவைக்குப் பிறிட்ஜ் தேவையில்லை, போத்தலை யன்னலோரம் வைச்சால் சரி. சின்னாக்களுக்கு நெல்லிரசம், தண்ணி கூட விட்டு.